கட்டுப் போட்ட கதை, கட்டுப் பிரித்த கதை



கணினியில் இணையம் பார்க்கிறவர்கள் திரையின் மேல் விளிம்பில் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன நாக்குகளைக் கவனித்திருப்பீர்கள். அதை டேப் என்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு டேப் என்றால் தையற்காரர் கழுத்தில் போட்டிருக்கும் அளவு நாடா, இல்லாவிட்டால் பாட்டுக் கேட்ட டேப் ரிக்கார்டர். கணினித் தமிழில் தாவல் என்றும் கீற்று என்றும் எழுதுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தாவல். பத்துப் பக்கம் திறந்தால் பத்துத் தாவல். முப்பது ஆகிவிட்டால் எல்லாம் நசுங்கி, எது எது என்றே தெரியாது. அப்போது ஒரே வேலைக்கு உரியவற்றை ஒன்றாகச் சேர்த்து, பெயரும் நிறமும் கொடுத்து, கட்டாகக் கட்டி ஓரமாக வைக்கும் வசதி இப்போது இருக்கிறது.

இளையவர்கள் இதைப் புது வித்தையாகப் பார்க்கிறார்கள். வருவாய்த் துறையில் காலம் தள்ளிய எனக்கு இது மிகவும் பழகிய வித்தை. அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் பெரம்பலூர், அரியலூர் கதையும் அதற்குள் வரும்.

நம் பக்கத்துப் பெருமையிலிருந்தே தொடங்குவோம். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31 ஏடுகள். பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது. அத்தனை ஏடுகளிலும் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் அடைத்திருந்தார்கள். முத்திரையைக் குலைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாகச் செருகவும் முடியாது. எழுத்துக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு வளையத்துக்கும் இருந்தது. ஓலைச் சுவடியிலும் இதே கதைதான். துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினால்தான் அது சுவடி. கயிறு அறுந்தால் வெறும் ஓலைக் குவியல்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓலை போய்த் தாள் வந்தது. சென்னை மாகாணத்துக் கலெக்டர் அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்ற ஒழுங்கு வந்தது. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் என்று அதற்கு ஒரு புத்தகமே உண்டு. அலுவலகத்தில் சேர்ந்தவுடன் அதைத்தான் படிக்கச் சொல்வார்கள். வருகிற ஒவ்வொரு தபாலுக்கும் ஒரு ந.க. எண். அந்தந்த எழுத்தருக்கு ஒரு தன்பதிவேடு. எந்த இருக்கைக்கு உரியது என்பதைக் காட்ட அ1, அ2, ஆ1 என்று எழுத்தும் எண்ணும். கோப்பில் நடப்புத் தாள்கள் ஒரு பக்கம், குறிப்புத் தாள்கள் ஒரு பக்கம். வேலை முடிந்த பிறகு அந்தக் கோப்பு எத்தனை காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்ற எழுத்துகளைப் பழைய அரசுக் கடிதங்களின் தலையில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

கோப்பு மேலதிகாரிக்குப் போகும்போது, அவர் பார்க்க வேண்டிய இடங்களில் சின்னச் சீட்டுகளைக் குத்தி, அவை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி வைப்போம். அதில் ஓர் எழுத்து இருக்கும். பிளாக் வைப்பது என்று சொல்வது வழக்கம். குறிப்பில் "இன்ன சீட்டில் காண்க" என்று எழுதினால் போதும், அதிகாரி அந்த நாக்கைப் பிடித்துத் தாளைத் திருப்பிவிடுவார். இன்றைய தாவலின் வேலையும் இதுவேதான்.

நீட்டிக்கொண்டு நிற்கும் இந்த நாக்குக்குக் காப்புரிமையே இருந்தது. ஜேம்ஸ் நியூட்டன் கன் என்ற அமெரிக்கர் அட்டைப் பெட்டிகளில் இருக்கும் அட்டைகளின் தலையில் சிறு நாக்கு வைக்கும் முறைக்கு 1897இல் காப்புரிமை வாங்கினார். நூலகங்களும் வங்கிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. நம் ஊர் நூலகத்தில் இழுப்பறையைத் திறந்து அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் புத்தகம் தேடியவர்களுக்கு, நடுநடுவே உயர்ந்து நிற்கும் வழிகாட்டி அட்டைகள் நினைவிருக்கும். அட்டைகளை எப்படிக் கூட்டம் பிரிப்பது என்று உலகத்துக்கே பாடம் சொன்னவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு புத்தகம் ஒரே தலைப்புக்குள் அடங்காது, அதற்குப் பல முகங்கள் உண்டு என்பது அவர் முறையின் அடிப்படை.

இது வெறும் நூலகத் தத்துவம் இல்லை. நம் கிராமக் கணக்குகளைப் பாருங்கள். 'அ' பதிவேட்டில் நிலங்கள் புல எண் வரிசையில் இருக்கும். சிட்டாவில் அதே நிலங்கள் பட்டாதாரர் வாரியாக இருக்கும். அடங்கலில் அதே நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர் என்று இருக்கும். நிலம் ஒன்று, கட்டு மூன்று. "இந்தப் புலம் யாருடையது?" என்று கேட்டால் 'அ' பதிவேடு. "இவருக்கு மொத்தம் எவ்வளவு நிலம்?" என்று கேட்டால் சிட்டா. "வறட்சி நிவாரணம் யாருக்குக் கொடுப்பது?" என்று கேட்டால் அடங்கல். என்ன கேள்வி வரும் என்பதைப் பொறுத்துத்தான் கட்டுப் போட வேண்டும் என்பதை நம் கர்ணம் என்றைக்கோ அறிந்திருந்தார்.

அந்தக் கர்ணம் பதவியே 1980 நவம்பரில் போய்விட்டது. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பகுதி நேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பரம்பரை பரம்பரையாக ஒரே குடும்பத்திடம் இருந்த கணக்குகள் புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் கைக்கு மாறின. கணக்குக் கட்டுகள் வந்தன. எந்தக் கட்டில் எது இருக்கிறது என்ற விவரம் பல இடங்களில் பழைய கர்ணத்தின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. கட்டின் மேல் பெயர் எழுதாதவர் போய்விட்டால் கட்டு ஊமையாகிவிடும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்தான் அந்தக் கணக்குகளை மறுபடி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

இனி மாவட்டக் கதைக்கு வருவோம். நாம் எல்லோரும் ஒரு காலத்தில் திருச்சி மாவட்டத்துக்காரர்கள். 1995இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூரும் கரூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. ஆட்சி மாறியது. 2002 மார்ச் 31 அன்று அரியலூர் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. திரும்பவும் ஆட்சி மாறி, 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் இரண்டாம் முறை மாவட்டம் ஆனது. பசலிக் கணக்கில் சொன்னால், முதல் அரியலூர் மாவட்டம் பசலி 1410இன் நடுவில் பிறந்து, 1411 முடிவதற்குள் மறைந்தது. இரண்டாவது அரியலூர் 1417இல் பிறந்து இன்றும் இருக்கிறது. இன்று சாலையில் 46ஐப் பார்த்தால் பெரம்பலூர் வண்டி, 61ஐப் பார்த்தால் அரியலூர் வண்டி என்று சிறுபிள்ளைகூடச் சொல்லும்.

இதில் ஒரு சென்ட் நிலம்கூட நகரவில்லை. உடையார்பாளையம் இருந்த இடத்தில் இருந்தது. மாறியது கட்டு மட்டும்தான். ஆனால் கட்டு மாறினால் மனிதனுடைய கால் நடை மாறும். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயி கலெக்டரிடம் மனுக் கொடுக்க அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூருக்குப் போக வேண்டிய காலம் ஒன்று. அரியலூரோடு நின்றுவிடலாம் என்ற காலம் இன்னொன்று. அதற்கும் முன்னால் திருச்சிக்கே போன காலம். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் யாருக்குப் போகிறது என்பதை மாவட்ட எல்லைக்கோடு தீர்மானித்தது. பழைய வழக்கு ஒன்றின் நகல் வேண்டும் என்று வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்ட கேள்வி, "எந்த வருஷம்?" என்பது. வருஷத்தைச் சொன்னால்தான் அந்தக் காகிதம் திருச்சிக் கட்டிலா, பெரம்பலூர்க் கட்டிலா, அரியலூர்க் கட்டிலா என்று யோசிக்கவே முடியும். அதைச் சொல்லத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதானவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அவர்களுடைய நிலம் தெரியும், வருஷம் தெரியாது.

கணினித் திரையிலும் ஏறக்குறைய இதே கதை நடந்திருக்கிறது. எக்செல் மென்பொருளில் ஒரே புத்தகத்துக்குள் பல தாள்களை வைத்து, கீழ் விளிம்பில் நாக்குகளைக் காட்டும் வசதி 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வந்தது. அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது, வட்டத்துக்கு ஒரு தாள் என்று அதில்தான் பட்டியல் போட்டோம். இணைய உலாவிகளில் 1994இல் இன்டர்நெட்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் தாவல் தலைகாட்டியது. பிறகு ஓபரா, மொசில்லா என்று பரவி, 2006இல் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஏழாம் பதிப்பிலும் வந்தது. அதன் பின் தாவல் இல்லாத உலாவி இல்லை.

தாவல்கள் பெருகியதும் அவற்றைக் கூட்டம் சேர்க்கும் தேவை வந்தது. 2010 டிசம்பரில் ஓபரா ஒரு தாவலின் மேல் இன்னொன்றை அடுக்கி வைக்க இடம் கொடுத்தது. 2011இல் ஃபயர்பாக்ஸ் நான்காம் பதிப்பில் பனோரமா என்று ஒரு வசதி கொடுத்தார்கள். திரை முழுதும் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பக்கங்களை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அழகான வசதிதான். ஆனால் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, பராமரிப்பது பாரம் என்று 2016இல் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்களின் பக்கங்களைப் புத்தகக்குறிகளாக மாற்றிக் கொடுத்தார்கள். 2020இல் கூகுள் குரோம் பெயரும் நிறமும் கொண்ட தாவல் குழுக்களைக் கொண்டுவந்தது. அதற்கு நல்ல வரவேற்பு. பலரும் கேட்டுக்கேட்டு, 2025இல் ஃபயர்பாக்ஸும் குழு வசதியைத் திரும்பக் கொடுத்தது. ஒரு முறை கொடுத்து, எடுத்து, மறுபடி கொடுத்த இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு நம் அரியலூர் ஞாபகம்தான் வந்தது.

முதல் தடவை வைத்த குழு ஏன் நிலைக்கவில்லை, இரண்டாவது ஏன் நிலைக்கிறது? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பனோரமாவுக்கு வேலையை விட்டுவிட்டு வேறொரு திரைக்குப் போக வேண்டும். பின்னால் வந்தது கண்ணெதிரே, அதே விளிம்பிலேயே இருக்கிறது. ஆள் இருக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிற ஒழுங்கைத்தான் மக்கள் பயன்படுத்துவார்கள். மாவட்டத் தலைநகருக்கும் இதுதான் விதி.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: குரோமில் ஒரு தாவலின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் புதிய குழுவில் சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்கும், நிறம் கேட்கும். பிறகு மற்ற தாவல்களை இழுத்து அந்த நிறக்கோட்டுக்குள் விட்டால் சேர்ந்துகொள்ளும். குழுவின் பெயரை ஒரு முறை தட்டினால் மடிந்துகொள்ளும், இன்னொரு முறை தட்டினால் விரியும். அவ்வளவுதான்.

நான் மூன்று குழுக்கள் வைத்திருக்கிறேன். 'ஓய்வூதியம்' என்று ஒன்று. வாழ்நாள் சான்று, வங்கி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில். 'நிலம்' என்று ஒன்று. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று பார்க்கும் பக்கங்கள். 'படிக்க' என்று ஒன்று. அதுதான் எப்போதும் வீங்கிக்கொண்டே போகிறது. அதற்கு ஓராண்டு முடிவு என்று நானே விதி வைத்து, ஜனவரியில் கழித்துவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பட்டா, பத்திரம், ஓய்வூதிய ஆணை, காப்பீடு எதுவாக இருந்தாலும், அலமாரியில் ஆனாலும் கணினியில் ஆனாலும், கட்டின் மேல் பெயரும் வருஷமும் ஊரும் எழுதி வையுங்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். நம் நிலத்தின் பழைய காகிதம் திருச்சிக் காலத்ததா, பெரம்பலூர்க் காலத்ததா, அரியலூர்க் காலத்ததா என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இந்த வாரமே ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை.