மடியில் இறங்கும் இரும்பு: ரோலர் கோஸ்ரர் இருக்கைக்கும் ஒரு வரலாறு

வரலாறு என்றால் எங்கட ஆக்களுக்கு அரசர்கள், போர்கள், ஒப்பந்தங்கள்தான். நான் இன்றைக்கு எழுதப் போவது ஒரு இருக்கையின் வரலாறு. சிரிக்காமல் வாசியுங்கோ.

ஊரிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ யாராவது ரொறன்ரோவுக்கு வந்தால் முதலில் நயாகரா, பிறகு கோயில், அதற்குப் பிறகு வோன் நகரில் இருக்கிற கனடா வொண்டர்லாண்ட். போய் வந்தவர்கள் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்றுதான் கதைப்பார்கள். மடியில் வந்து இறங்குகிற அந்த இரும்புத் தடியைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. அந்தத் தடி எங்கிருந்து வந்தது? யாருடைய உடம்பை மனதில் வைத்துச் செய்தார்கள்? பொருந்தாதவர்கள் என்ன செய்கிறார்கள்? இதுதான் இன்றைய கதை.

நான் பொறியியலாளர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. பிறகு நாடு மாறி, கோப்பை கழுவி, இப்போது ஸ்காபரோவில் ஒரு உணவகத்தில் சமையல். ஆனாலும் எதைப் பார்த்தாலும் "இதில விசை எந்தப் பக்கம்?" என்று கேட்கிற புத்தி மட்டும் போகவில்லை.

1884 இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் ஒரு 'ஸ்விச்பாக் ரயில்வே' திறந்தார். கட்டணம் 5 சதம். வேகம் மணிக்கு ஏறக்குறைய 10 கி.மீ. எங்கட சைக்கிள் இதைவிட வேகமாக ஓடும். சனம் முன்பக்கம் பார்த்து இருக்கவில்லை. வாங்கில் பக்கவாட்டாக இருந்து வேடிக்கை பார்த்தபடி போனார்கள். அந்த வேகத்துக்கு ஆளைப் பிடித்து வைக்கிற அவசியம் வரவில்லை.

அவசியத்தை உண்டாக்கினது ஒரு சில்லு. ஜோன் மில்லர் என்ற அமெரிக்கர் 1919 இல் ஒரு காப்புரிமை பெற்றார். தண்டவாளத்துக்கு மேலே ஓடுகிற சில்லோடு, கீழேயும் ஒரு சில்லு. வண்டி மேலே எழும்பப் பார்த்தால் கீழ்ச் சில்லு இழுத்துப் பிடிக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு செங்குத்தாகவும் கட்டலாம் என்றாகிவிட்டது. வண்டி தண்டவாளத்தில் பிடிபட்டது, சரி. வண்டிக்குள் இருக்கிற மனிதனைப் பிடிப்பது யார்?

இதை விளங்கிக்கொள்ள வொண்டர்லாண்ட் போகத் தேவையில்லை. ஊரில் இ.போ.ச. பஸ்ஸில் கடைசி சீற்றில் இருந்து போனவர்களுக்குத் தெரியும். மதகில் பஸ் ஏறி இறங்கும்போது பஸ் கீழே போகும், நாங்கள் மேலேயே கொஞ்ச நேரம் நிற்போம். பிறகு 'தொம்' என்று வந்து விழுவோம். முன் சீற்றின் கம்பியைப் பிடித்தவன் தப்பினான். அந்த ஒரு கணம் சீற்றுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. ரோலர் கோஸ்ரர் விற்பதே அந்தக் கணத்தைத்தான். ஆக, சீற்றின் வேலை ஆளைத் தாங்குவது. தடியின் வேலை ஆளை மேலே போக விடாமல் கீழே பிடிப்பது. இரண்டும் எதிரெதிர்த் திசை.

ரொறன்ரோவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. நகரின் கிழக்கே 1907 முதல் 1925 வரை ஸ்காபரோ பீச் பூங்கா, மேற்கே 1922 முதல் 1955 வரை சனிசைட் பூங்கா, சி.என்.ஈ. கண்காட்சித் திடலில் 1953 முதல் 1992 வரை 'ஃபிளையர்' என்ற மரக் கோஸ்ரர். ஆனால் பயங்கரமானது ஏரி ஈரியின் கரையில், கிறிஸ்டல் பீச்சில் இருந்தது. 1927 இல் ஹாரி ட்ராவர் கட்டின 'சைக்ளோன்'. மயங்கி இறங்குகிறவர்களைப் பார்க்க அங்கே ஒரு தாதியையே வேலைக்கு வைத்திருந்தார்கள் என்றால் பாருங்கோ. 1938 இல் ஒருவர் அதிலிருந்து விழுந்து இறந்தார். 1946 உடன் அதை மூடி, அதன் இரும்பைக் கொண்டு 1948 இல் 'கொமெற்' என்ற இன்னொன்றைக் கட்டினார்கள். அது இப்போது நியூயோர்க் மாநிலத்தில் வேறொரு பூங்காவில் ஓடுகிறது.

அந்தக் காலத்து மர வண்டிகளில் இரண்டு பேருக்கு ஒரு தடி. தகப்பனும் எட்டு வயது மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தடி தகப்பனின் தொடையில் தட்டி நிற்கும். மகளின் மடிக்கும் தடிக்கும் இடையில் ஒரு தலையணை வைக்கலாம். பெரிய உடம்புக்குத்தான் தடி பொருந்தும், சின்ன உடம்பு தன் கையை நம்பவேண்டும். ஆளுக்கொரு தடி என்ற இன்றைய ஏற்பாடு சொகுசுக்காக மட்டும் வந்ததல்ல. ஒரு உடம்பின் அளவு இன்னொரு உடம்புக்கு உதவாது என்று உணர்ந்ததால் வந்தது.

அடுத்தது தலைகீழாகப் போகிற கதை. 1895 இல் கோனி ஐலண்டில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்று ஒன்று. நல்ல வட்டமான ஒரு சுற்று. வட்டத்துக்குள் நுழைகிற கணத்தில் உடம்பின் பாரம் ஏறக்குறைய 12 மடங்கு ஆகுமாம். கழுத்து நொந்தவர்கள் பலர். 1901 இல் எட்வின் பிறெஸ்கொற் வட்டத்தை நீள்வட்டமாக்கிப் பார்த்தார். 1975 இல் கலிஃபோர்னியாவில் ஆரோ நிறுவனத்தின் 'கோர்க்ஸ்குரு' வந்தது. தோளுக்கு மேலால் வந்து நெஞ்சை மூடுகிற குதிரைச் சேணம் மாதிரியான தடியைப் பலர் முதன்முதலில் கண்டது இப்படியான வண்டிகளில்தான்.

மறுவருடம், 1976 இல், அதே கலிஃபோர்னியாவில் 'ரெவலூஷன்'. வெர்னர் ஸ்ரெங்கல் என்ற ஜெர்மன் பொறியியலாளர் சுற்றை வட்டமாக இல்லாமல் நீர்த்துளி வடிவில் கணக்கிட்டார். வளைவு மெல்ல மெல்லக் கூடி, மெல்ல மெல்லக் குறையும். பாரம் ஒரேயடியாக வந்து விழாது. அதனால் தலைகீழாகப் போகிற அந்த வண்டிக்கு மடித் தடி மட்டுமே போதுமாக இருந்தது! பிறகு 1990களில் அதே வண்டிக்குத் தோள் சேணம் பூட்டினார்கள். சனத்தின் தலை இரண்டு பக்கமும் அடிபட்டது. 2016 இல் சேணத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் மடித் தடிக்கே போனார்கள். நாற்பது வருடம் சுற்றித் தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நிறைய இரும்பு போட்டால் நிறையப் பாதுகாப்பு, நிறையச் சொகுசு என்று நினைப்பது சரியில்லை. பாதை ஒழுங்காக இருந்தால் தடி சின்னதாக இருக்கலாம்.

இந்த வரலாறு முழுவதையும் எங்கட வொண்டர்லாண்டிலேயே வருட வரிசையில் பார்க்கலாம். 1981 மே மாதம் திறந்தபோது 'மைன்பஸ்ரர்', 'வைல்ட் பீஸ்ற்' என்று இரண்டு பெரிய மரக் கோஸ்ரர்கள். பக்கத்தில் ஆரோ நிறுவனத்தின் 'டிராகன் ஃபயர்', நான்கு முறை தலைகீழ், தோள் சேணத்தோடு. 1985 இல் 'ஸ்கைரைடர்' என்று ஜப்பானிய டோகோ நிறுவனத்தின் வண்டி வந்தது. அதில் நின்றபடி போகவேண்டும். கால்களுக்கு நடுவில் சைக்கிள் சீற் மாதிரி ஒன்று. அதை உங்கள் உயரத்துக்குச் சரியாக வைக்காவிட்டால், ஆண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது 2014 இல் மூடப்பட்டு இத்தாலிக்குப் போய்விட்டது. 1995 இல் 'டொப் கன்', தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்கப் போவது. அந்த வகை வண்டிகளின் தோள் சேணம் காதோடு மோதுவதில் பெயர் போனது. தோடு போட்ட எங்கட பெண்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

2008 இல் 'பெஹிமொத்', 70 மீற்றர் உயரம், மணிக்கு 125 கி.மீ. 2012 இல் 'லெவையதன்', 93 மீற்றர், 148 கி.மீ. இரண்டும் சுவிற்சர்லாந்தின் பி அன்ட் எம் நிறுவனத்துடையவை. உயரமும் வேகமும் கூடக் கூடத் தடியும் பெருக்கும் என்றுதானே நினைப்போம்? மாறாக, தோள் சேணம் இல்லை. தொடைக்கு மேல் வந்து மூடுகிற ஒரு மெத்தை மட்டும். தோளும் கையும் விடுதலை. 2019 இல் வந்த 'யூகொன் ஸ்ரைக்கர்' விளிம்பில் செங்குத்தாகத் தொங்க வைத்துத் தலைகீழாகவும் சுற்றுவதால் அதற்கு மேலங்கி மாதிரி மெத்தென்ற ஒன்று.

இங்கேதான் சொகுசின் விலை வருகிறது. தோள் சேணம் இல்லையென்றால் முழுப் பொறுப்பும் தொடைக்கு மேல் இருக்கிற மெத்தைக்கு. அது தொடையின் மேல் மடிப்பில் ஒட்டி இறங்கவேண்டும். வயிறு முன்னுக்கு இருந்தால் மெத்தை வயிற்றில் தட்டி உயரத்தில் நிற்கும், தொடைக்கும் அதற்கும் இடையில் வெளி வந்துவிடும். கவனியுங்கோ, இது நிறையைப் பற்றிய கதையே இல்லை. ஒரே நிறை உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குப் பூட்டும், மற்றவருக்குப் பூட்டாது. உடம்பு எங்கே பருத்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

அந்த வெளி உயிரை எடுக்கும். 2004 மே மாதம் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸில் 'சுப்பர்மான் ரைட் ஒஃப் ஸ்ரீல்' வண்டியிலிருந்து ஒருவர் விழுந்து இறந்தார். அவருடைய உடம்பின் அளவால் தடி சரியாக இறங்கியிருக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. 2013 யூலையில் 'ரெக்சஸ் ஜயன்ற்' வண்டியிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். அதைத் திரும்பத் திறந்தபோது இரண்டு மாற்றங்கள்: ஒவ்வொரு இருக்கைக்கும் பெல்ற், வரிசை தொடங்குகிற இடத்தில் இருந்து பார்க்க ஒரு மாதிரி இருக்கை. ஆகவே "பூட்டவில்லை, இறங்குங்கள்" என்று ஒரு பொடியன் சொன்னால் அவன் சொல்வது சரி. அங்கே இரக்கம் காட்டக் கூடாது.

ஆனால் சரியான ஒன்றை எப்படிச் செய்வது என்று இன்னொரு கேள்வி இருக்கிறதல்லவா? என்னோடு வேலை செய்கிற ஒரு அண்ணை. ஊரில் கரப்பந்தாட்டம் ஆடினவர், நெடிய ஆள், இப்போது உடம்பும் வைத்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் மகளோடு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போனார். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் வரிசை. ஏறி இருந்தால் தடி பூட்டவில்லை. இரண்டு பொடியள் வந்து அமத்தினார்கள், திரும்பவும் அமத்தினார்கள். வண்டி முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ போட்டு வா அம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். அன்றையிலிருந்து எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அவர்தான் வாங்கில் இருந்து பைகளுக்குக் காவல். இதைப் பகிடியாகத்தான் சொல்லுவார். மகள் பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டார்.

பொருந்தாத உடம்பு என்று ஒன்று உண்மையில் இல்லை. யாரையோ அளந்து இருக்கை செய்தார்கள், அவ்வளவுதான். 1988 இல் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களை அளந்து எடுத்த அட்டவணைகள் பல காலம் உலகம் முழுக்க ஆசனங்கள், உடுப்புகள், கருவிகள் செய்ய உதவின. சிப்பாய் என்றால் தெரிந்தெடுத்த உடம்பு. அதில் எங்கட மாமிமாரும் இல்லை, பதினாலு மணித்தியாலம் நின்று வேலை செய்து கால் வீங்கின ஆட்களும் இல்லை. அளவுநாடாவுக்கு வெளியே நிற்கிறவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

எங்கள் தொழிலில் இதே பிரச்சினை உண்டு. உணவகத்தில் மேசையும் இருக்கையும் தரையோடு பூட்டின 'பூத்'கள் இருக்கும். பருத்த ஒருவர் வாசலில் வந்தால் நல்ல பரிமாறுபவர் ஒன்றும் கேட்க மாட்டார். "இந்தப் பக்கம் காத்து நல்லா வரும், இங்க வாங்கோ அண்ணை" என்று கதிரை போட்ட மேசைக்குக் கூட்டிப் போவார். வந்தவருக்கும் விளங்கும், ஆனால் சபை நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. பூங்கா வாசலில் வைக்கிற அந்த மாதிரி இருக்கையும் இதே வேலையைத்தான் செய்கிறது. இல்லை என்று சொல்ல வேண்டியதை வரிசையின் முடிவில், நாற்பது பேருக்கு முன்னால் சொல்லாமல், வரிசையின் தொடக்கத்தில், ஆளும் இருக்கையும் மட்டும் இருக்கிற இடத்தில் சொல்லிவிடுகிறது. 1884 இலிருந்து வந்த கண்டுபிடிப்புகளில் எனக்குப் பிடித்தது அந்த இருக்கைதான். அதில் ஒரு புதுப் பௌதிகமும் இல்லை, மரியாதை மட்டும் இருக்கிறது.

ஆகவே இந்தக் கோடையில் போகிறவர்களுக்கு இரண்டு சொல். பெரிய வண்டிகளின் வாசலில் அந்த மாதிரி இருக்கை இருந்தால் முதலில் அதில் இருந்து பாருங்கோ. முதுகை நன்றாகப் பின்னுக்கு வைத்து, இடுப்பைச் சீற்றின் மூலைக்குள் தள்ளி இருந்தால் பலருக்குப் பூட்டும். இல்லாவிட்டால் அங்கே நிற்கிறவர்களைக் கேளுங்கோ. சில வண்டிகளில் பெரிய உடம்புக்கென்று குறித்த வரிசைகள் உண்டு.

மற்றது, உங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு முறையும் "எனக்குத் தலை சுத்தும், நான் பையைப் பார்க்கிறன்" என்று வாங்கில் இருக்கிற ஒருவர் இருப்பார். அது உண்மையிலேயே தலைச்சுற்றா, அல்லது அந்தத் தடிக்குப் பயமா என்று ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கோ. லண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருக்கிறவர்கள், உங்கட பக்கப் பூங்காக்களில் எப்படி என்று எழுதுங்கோ.