இரு பாதிகளுக்கிடையே ஓர் ஓவியம்

பழங்கணினிகளின் திரையில் ஒரு நிழற்படத்தை ஏற்றுவது இன்று சிலருக்குப் பொழுதுபோக்கு. ஒரு காலத்தில் அது கடுமையான கலைப்பயிற்சியாக இருந்தது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது கொமடோர் 64 கணினியை. 1982 சனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிமுகமான இவ்வியந்திரத்தில் படம் காட்டும் பொறுப்பு விக்-2 என்னும் சில்லினுடையது.

அச்சில்லு அறிந்த வண்ணங்கள் 16. பன்னிற முறையில் அகலம் 160 புள்ளிகள், உயரம் 200. நான்கு புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நிறங்கள் மூன்று; படம் முழுமைக்கும் பொதுவான பின்னணி நிறம் ஒன்று. அவ்வளவே. யாப்புப் பாடம் நடத்தும் நமக்குக் கட்டுப்பாடு புதிதன்று. ஆயினும் தளை தட்டிய வெண்பாவையும் தாளில் எழுதிவிடலாம். இங்கே ஐந்தாம் நிறம் கட்டத்துக்குள் நுழையவே முடியாது.

இயல்பாக எட்டு வரிக்கு ஒருமுறையே நிறத் தகவலைப் படிக்கும் சில்லை ஒவ்வொரு வரியிலும் படிக்கவைக்கும் உத்தி 1980களின் இறுதியில் வழக்குக்கு வந்தது. அதற்கு எஃப்எல்ஐ என்று பெயர். அதற்கு ஈடாக இடது ஓரத்தில் மூன்று எழுத்தகலம் பாழாயிற்று. பின்னர் எழுந்ததே ஐஎஃப்எல்ஐ. அத்தகைய படங்கள் இரண்டை மாற்றி மாற்றிக் காட்டுவது. இரண்டாவதை அரைப்புள்ளி நகர்த்தி வைப்பது. ஐரோப்பியத் தொலைக்காட்சியில் நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். ஆகவே ஒவ்வொரு படமும் 25 முறை தோன்றும். இதனை இடைப்பின்னல் என்று அழைத்தாலும், தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி வரும் முறை அன்று இது. முழுப் படங்களே மாறுகின்றன. நீலமும் பழுப்பும் கண்ணில் கலந்து, பட்டியலில் இல்லாத ஒரு நிறம் பிறக்கிறது. இருநிறச் சேர்க்கைகள் 120. தனி நிறங்களோடு 136.

கணக்கு இனிக்கிறது, கண் ஒப்புவதில்லை. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தால் சாம்பல் தோன்றாது, தலைவலிதான் தோன்றும். துடிப்பைத் தீர்மானிப்பது நிறமன்று, ஒளிர்வு. பிற்கால விக்-2 சில்லில் ஒளிர்வுப் படிகள் ஒன்பது. நீலமும் பழுப்பும் ஒரே படி; சிவப்பும் கருஞ்சாம்பலும் ஒரே படி; ஊதாவும் ஆரஞ்சும் அவ்வாறே. இவ்விணைகள் அமைதியாகக் கலக்கும். தொடக்ககாலச் சில்லிலோ படிகள் ஐந்துதான். அதில் இணைகளின் கணக்கே வேறு. ஒருவர் வீட்டில் அமைதியாக நின்ற படம் நண்பர் வீட்டில் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே படத்தை ஆயத்தம் செய்வோர் முதலில் நிறத்தை மறந்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது நலம். ஒளியும் நிழலும் அப்போதே தெளிவாகப் பிரியாவிடில் நிறம் அதனைக் காப்பாற்றாது. பிறகு 320க்கு 200 என்ற அளவுக்குக் குறைத்து, பாழாகும் இடது ஓரத்தில் முகமோ கையோ விழாதபடி நகர்த்த வேண்டும். வானம் போன்ற பரந்த சமவெளிகளே பெரிய இடர்: துடிப்பு அங்கேதான் கண்ணை உறுத்தும். ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்கும் 1976இல் வெளியிட்ட முறை, ஒரு புள்ளியில் நேர்ந்த நிறப்பிழையை அண்டைப் புள்ளிகளுக்கு 7, 3, 5, 1 என்ற பதினாறில் பங்குகளாகப் பகிர்ந்தளிக்கும். அருமையான முறைதான். ஆனால் ஒளிர்வு வேறுபாட்டுக்கு வரம்பிடாமல் அதனை 136 நிறங்கள் மேலும் அவிழ்த்துவிட்டால் வானம் எறும்புப் புற்றாகிவிடும். மென்பொருள் மிக நெருங்கிய நிறத்தைத் தேடுகிறது. அதனைத் தடுத்து, சற்றே பொய்யான ஆனால் அசையாத நிறத்தைத் தேர்வது மனிதர் வேலை.

இப்படங்களை வளர்த்த டெமோசீன் மரபைப் பின்லாந்து 2020இல் தன் வாழும் மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. செருமனி 2021இல் சேர்த்தது. ஆனால் எதனைப் பேணுவது? ஐஎஃப்எல்ஐ ஓவியம் கணினியின் நினைவகத்தில் எங்கும் முழுமையாக இல்லை. அங்கிருப்பவை இரண்டு பாதிகள். திரையை ஒரு கணத்தில் படம்பிடித்தால் ஒரு பாதியே சிக்கும். இரண்டையும் சராசரியாக்கிச் சேமித்தால் நிறம் கிடைக்கும். ஓவியர் அஞ்சி அஞ்சி அடக்கிய அந்தத் துடிப்பு கிடைக்காது. அப்படிச் சேமித்த கோப்பில், இணைகளை அறிந்து தேர்ந்தவரின் படமும் அறியாதவரின் படமும் ஒன்றுபோலவே அசையாமல் நிற்கின்றன.