திரையில் கண் காணாதவையும் நாம் கவனிக்காதவையும்

பிள்ளைகள் கைத்தொலைபேசியில் மூழ்கியிருப்பதைப் பார்த்து, "இதுக்குள்ளால என்னவோ மூளைக்குள்ள ஏத்துறாங்கள்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை?

கண்ணோ காதோ உள்வாங்கியும் நமக்குத் தெரியவராத ஒன்றை மூளை கையாள்வதையே நனவறியாப் புலனுணர்வு என்கிறோம். வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் கணினித் திரையில் ஒரு படம் குறைந்தது ஏறத்தாழ 17 மில்லிவினாடி நிற்கும். ஒரு சொல்லை அவ்வளவு நேரம் மட்டும் காட்டி, உடனே வேறொரு உருவத்தால் மறைத்தால், பெரும்பாலானோர் அதைக் கண்டதாகவே உணரமாட்டார்கள்.

இந்தப் பயம் பரவியது 1957இல். ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கர், நியூ ஜேர்சித் திரையரங்கு ஒன்றில் 'பொப்கோர்ன் சாப்பிடுங்கள்' என்று கண்ணுக்குப் புலப்படாமல் காட்டியதால் அதன் விற்பனை 50 வீதத்துக்கு மேல் கூடியதாக அறிவித்தார். போதிய தரவு தன்னிடம் இருக்கவில்லை என 1962இல் அவரே ஒப்புக்கொண்டார். கணக்கியல் படித்த நமக்கு அது பற்றுச்சீட்டு இல்லாத இலக்கம்.

பின்னர் முறையான ஆய்வுகள் வந்தன. 2006இல் நெதர்லாந்தில், ஒரு குளிர்பானத்தின் பெயரை இவ்வாறு காட்டியபோது, ஏற்கெனவே தாகமாயிருந்தவர்களே அதைக் கூடுதலாகத் தெரிவு செய்தனர். 2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், கண்ணாடியில் பொருத்திய சிறு திரையில் நினைவுக் குறிப்புகளை மின்னவிட்டு, ஞாபகத்துக்கு உதவ முயன்றனர். இல்லாத ஆசையை உருவாக்குமளவு வலிமை இதற்கு இருப்பதாக இந்த ஆய்வுகள் காட்டவில்லை.

ஆயினும் சட்டம் விழிப்பாக உள்ளது. நனவுக்கு எட்டாத உத்திகளால் ஒருவரின் முடிவைத் திரித்துப் பாரிய தீங்கு விளைவிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பெப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. தண்டம் 35 மில்லியன் யூரோ வரை, அல்லது நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 வீதம் வரை செல்லலாம்.

நாம் அன்றாடம் காணும் இழப்பு வேறு வகையானது. நம்மவர் சிலரின் வங்கி அறிக்கைகளில், எப்போது சம்மதித்தோம் என்றே தெரியாத மாதச் சந்தாக்களைக் காண்கிறோம். அங்கே எதுவும் மின்னி மறையவில்லை. சிறிய எழுத்தில், நல்ல வெளிச்சத்தில்தான் இருந்தது. முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்ட பெட்டி, இணையத்தளத் தரவுச் சேமிப்புக்குச் செல்லுபடியான சம்மதம் ஆகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பணம் போகும் பெட்டியையும் அதே கண்ணோடு பார்ப்போம். மொழி தடுமாறும் நம் அம்மா அப்பாமார் 'சம்மதம்' என்று அழுத்துமுன், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து ஒருமுறை வாசித்துச் சொல்லட்டும்.