சவுத்வெல் இலைச் சிற்பங்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள சவுத்வெல் மின்ஸ்டர் தேவாலயத்தின் எண்கோண மண்டபத்தையும் அதன் வாயிலையும் அணிசெய்யும் கல் இலைகள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்டவை. கோத்திக் காலத் தாவர அலங்காரத்தில் இவற்றுக்கு இணையாக இங்கிலாந்தில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

குருமார்கள் கூடி நிர்வாகம் பேசுவதற்கென்று எழுந்த மண்டபம் இது. கல் விதானம் நடுத்தூண் இல்லாமலே நிற்கிறது. யார்க் பேராயர் ஜான் லெ ரொமெய்னின் 1288ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் மண்டபம் பற்றிய குறிப்பு உண்டு.

இதற்கு முந்தைய தலைமுறைச் சிற்பிகளும் தூண்தலைகளில் இலைகளைத்தான் செதுக்கினார்கள். வெல்ஸ், லிங்கன் பேராலயங்களில் அவற்றைப் பார்க்கலாம். விறைத்த தண்டு, சுருண்ட நுனி. அழகுதான், ஆனால் என்ன செடி என்று கேட்டால் பதில் கிடையாது. சவுத்வெல்லில் செடியின் பெயரைச் சொல்லிவிடலாம். ஓக், மேப்பிள், ஹாதார்ன், ஐவி, ஹாப், ரோஜா, திராட்சை என்று பக்கத்து வேலியிலும் தோட்டத்திலும் வளர்ந்தவையே கல்லில் ஏறியிருக்கின்றன. ஓக் இலையின் நெளிந்த ஓரமும், சிறு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் அதன் கொட்டையும் அப்படியே இருக்கின்றன. அந்தக் கொட்டையைத் தின்னும் பன்றிகளையும் சிற்பி விடவில்லை. இலைகளுக்கு நடுவிலிருந்து மனித முகங்களும் எட்டிப் பார்க்கின்றன.

வேலைப்பாட்டின் உயிர் குடைவில் இருக்கிறது. இலையின் பின்புறக் கல்லை உளியால் ஆழமாகக் குடைந்து எடுத்திருப்பதால் அங்கே நிழல் தங்குகிறது; முன்னால் இருக்கும் இலை தூணிலிருந்து விலகி நிற்பதுபோல் தோன்றுகிறது. அப்படியும் தூண்தலையின் வடிவம் இலைக்கூட்டத்தில் தொலைந்துபோகவில்லை. செடியை அச்சாகப் பெயர்த்ததைவிட இந்த அடக்கமே பெரிய சாதனை.

இயல்பான இலைகளைச் செதுக்கும் வழக்கம் பிரான்சில் முன்பே வேரூன்றியிருந்தது. ரைம்ஸ் பேராலயமும், 1248இல் அர்ப்பணிக்கப்பட்ட பாரிஸின் செயின்ட் ஷப்பெலும் அதற்குச் சான்று. இங்கிலாந்தில் அது நெடுநாள் நீடிக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் இலைகள் உப்பி, கடற்பாசிபோல் நெளியத் தொடங்கின.

கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் 1945இல் இவற்றைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதிலுள்ள படங்களை எடுத்தவர் ஃபிரடெரிக் அட்டன்பரோ. ‘காந்தி’ படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவின் தந்தை.