சவுண்டல் தழையும் அசையூண் வயிறும்: வெப்பமண்டலத் தீவன ஆய்வு வரலாற்றில் ஓர் இயல்

தமிழ்நாட்டு உழவர் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் வழங்கும் மரம் மெக்சிக்கோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. ஸ்பானியரின் கப்பல்வழி பசிபிக்கைக் கடந்து பிலிப்பைன்சு சென்று அங்கு ‘இபில் இபில்’ என்னும் பெயர் பெற்றது. இலங்கையிலும் அப்பெயர் வழக்கில் உள்ளது. வெப்பநாட்டுக் கால்நடை ஆய்வாளர் இம்மரத்தின்பால் ஈர்க்கப்பட்டதற்குக் காரணம் வெளிப்படையானது. கோடையில் காய்ந்த புல்லின் புரத அளவு, அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் செயற்படத் தேவையான ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆழ வேரூன்றிய சவுண்டலோ அக்காலத்திலும் பசுமையாக நிற்கும். அதன் இலையின் உலர்பொருளில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் புரதமே.

ஆயினும் அவ்விலையில் நஞ்சும் உண்டு. இதனைத் தின்ற குதிரைகளின் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்வது 19-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அதற்குக் காரணமான அமினோ அமிலம் 1930-களில் பிரித்தெடுக்கப்பட்டது. முதலில் தொட்டாற்சிணுங்கியில் கண்டறியப்பட்டதால், அச்செடியின் தாவரவியற் பெயரையொட்டி ‘மிமோசின்’ எனப்பட்டது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹெகார்ட்டியும் உடன் ஆய்வாளர்களும் 1964-இல் செம்மறியாடுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, மிமோசின் கம்பளி உதிர்வை உண்டாக்குவதையும், அசையூண் வயிற்றில் அது டி.எச்.பி. என்னும் வேறொரு பொருளாகச் சிதைவதையும் காட்டியது. இச்சிதைவு நச்சுநீக்கமாகவே கொள்ளப்பட்டது. ஆடுமாடுகள் குதிரையினும் நன்கு தாங்குவதற்கு அதுவே விளக்கமாகவும் அமைந்தது.

அக்கருத்து 1976-இல் தலைகீழானது. டி.எச்.பி. தைராய்டு சுரப்பியில் அயோடின் பிணைவதைத் தடுத்துக் கழலையை உண்டாக்கும் பொருள் என்பதை ஹெகார்ட்டி குழுவினர் அவ்வாண்டு நிறுவினர். மாடுகள் வாய்நீர் ஒழுக நின்றதும், தீனியை வெறுத்து எடை இழந்ததும், கன்றுகள் வீங்கிய கழுத்துடன் பிறந்ததும் இதனால் விளங்கின. ஒரு நஞ்சு நீங்கியதாக எண்ணிய இடத்திலேயே மற்றொன்று பிறந்துகொண்டிருந்தது. அதே 1976-இல்தான் அந்நிறுவனத்தில் ஹட்டன் உருவாக்கிய ‘கன்னிங்ஹாம்’ என்னும் செழித்து வளரும் சவுண்டல் வகையும் மேய்ச்சலுக்கென வெளியிடப்பட்டது. தழை பெருகியபோது, எவ்வளவு தரலாம் என்ற ஐயமும் உடன் பெருகியது. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது போன்ற வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் திறந்தவெளியில் மேயும் மாட்டிற்கு அளவுகோல் ஏது?

திருப்பம் ஹவாயிலிருந்து வந்தது. அங்குச் சவுண்டலை மட்டுமே தின்ற ஆடுகள் நலமாக இருந்தன. அவற்றின் சிறுநீரில் டி.எச்.பி. வெளியேறவில்லை. டவுன்ஸ்வில் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். ஜே. ஜோன்ஸ், இவ்வேறுபாடு மரத்தினதோ ஆட்டினதோ அன்று, அசையூண் வயிற்று நுண்ணுயிரினது என்ற கருதுகோளை 1981-இல் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் அசைபோடும் விலங்குகள் இயல்பாக இருந்ததில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அங்குள்ள ஆடுமாடுகள் அனைத்தும் 1788 முதல் கப்பலில் வந்தவற்றின் வழியினவே. அவற்றின் வயிற்று நுண்ணுயிர்களும் பெரும்பாலும் அவற்றுடனேயே வந்திருக்க வேண்டும். மரத்தைப் பெயர்த்து நட்டவர்கள், அதனைச் செரிக்கும் உயிரையும் உடன் கொணர வேண்டும் என்று எண்ணியிருக்க இயலாது.

கருதுகோளைச் சோதிக்கும் வழி எளியது. ஆனால் துணிவு வேண்டுவது. ஹவாய் ஆட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டு, ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் செலுத்தப்பட்டன. டி.எச்.பி. வெளியேற்றம் நின்றது, நச்சுக்குறிகள் நீங்கின. ஜோன்சும் மெகாரிட்டியும் இவ்வெற்றியை 1986-இல் பதிவு செய்தனர். இந்தோனேசிய ஆட்டிலிருந்து பெற்ற நுண்ணுயிர்களும் இவ்வாறே பயன் தந்தன. சில மாடுகளுக்குச் செலுத்தினாலே மந்தையில் ஏனையவற்றிற்கும் பரவியது என்பது மேய்ச்சற்காரருக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. 1992-இல் ஆலிசன் குழுவினர் அந்நுண்ணுயிரியை முறைப்படி விளக்கி, ஜோன்சின் பெயரால் ‘சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை’ என்று பெயரிட்டனர். மாவுப்பொருளையோ சர்க்கரையையோ நாடாது, சில அமினோ அமிலங்களையும் டி.எச்.பி.யையும் கொண்டு வாழும் இவ்வுயிரி அதுவரை அறியப்பட்ட குழுக்களில் அடங்கவில்லை. பின்னர் ‘சினர்ஜிஸ்டிட்டீஸ்’ என்னும் தனித் தொகுதியே அதன் பெயரால் அமைந்தது. தீவனச் சிக்கல் ஒன்று உயிரின வகைப்பாட்டையே விரிவாக்கிய அரிய நிகழ்வு இது.

நுண்ணுயிரியல் நூல்கள் பெரும்பாலும் இக்கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. அது பொருந்தாது. குயின்ஸ்லாந்தில் அரசு வேளாண் துறை வளர்த்து வழங்கிய நுண்ணுயிர்க் கலவை பல்லாயிரம் மாடுகளுக்குச் சென்றது. எனினும் 2000-களில் மந்தைகளின் சிறுநீரைச் சோதித்தபோது, கலவை பெற்ற மந்தைகள் சிலவற்றிலும் டி.எச்.பி. மிகுந்திருந்தது. மறுபுறம், கலவை பெறாத கால்நடைகளிலும் இந்நுண்ணுயிரி சிற்றளவில் வாழ்வதை மரபணுச் சோதனைகள் பல நாடுகளில் காட்டின. ஆகவே, ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை என்ற 1981-இன் தெளிவான எல்லைக்கோடு மங்கிவிட்டது.

கிழக்கு இந்தோனேசியாவில் கண்டவை மேலும் வியப்பிற்குரியவை. மேற்குத் திமோரின் அமராசிப் பகுதியில் 1930-களில் ஊராட்சிக் கட்டளையால் பரவிய சவுண்டலை, உழவர்கள் வெட்டிக் கொணர்ந்து கட்டுத்தறியில் நிற்கும் பாலி மாடுகளுக்குத் தலைமுறைகளாக ஊட்டிவருகின்றனர். தழையையே பெருந்தீனியாகக் கொண்டு கொழுத்த அம்மாடுகளின் சிறுநீரில் டி.எச்.பி. ஏராளமாகவே இருந்தது, ஆனால் பெரும்பகுதி வேறொரு மூலக்கூற்றுடன் பிணைந்து, கேடு குறைந்த வடிவில் வெளியேறியது. அப்பிணைப்பு நிகழ்வது வயிற்றிலன்று, கல்லீரலில். புதிதாகச் சவுண்டல் தின்னத் தொடங்கும் மாடு சில வாரங்கள் நலிந்து பின் தேறுவதை அங்குள்ள உழவர்கள் முன்னரே அறிந்திருந்தனர்.