ஒரே பேரு, வேற வேற தொண்டைமான்!

ஜெகதாப்பட்டினத்துலருந்து புதுக்கோட்டை போறீங்களா? வழியில அறந்தாங்கியில பழைய கோட்டையோட மிச்சம் இருக்கு. 15, 16-ம் நூற்றாண்டுகள்ல அந்தப் பக்கம் ஆண்டவங்க அறந்தாங்கித் தொண்டைமான்கள். புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ்ல ராஜகோபால தொண்டைமான் சிலை நிக்கும். அந்த ஆபீஸே அவரோட அரண்மனைதான்!

பேரைப் பார்த்து ரெண்டையும் ஒரே குடும்பம்னு முடிவு பண்ணிடாதீங்க. புதுக்கோட்டைத் தொண்டைமான்களோட ஆட்சி 1686-ல தொடங்கி, 1948 மார்ச் 3-ல சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சப்போ முடிஞ்சது. இன்னொரு விஷயம், ஜெகதாப்பட்டினம் அந்தச் சமஸ்தானத்துலயே இல்ல. அறந்தாங்கியோட சேர்ந்து தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்துச்சு. 1974-லதான் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்துச்சு.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துலயும் தொண்டைமானாறுன்னு ஓர் ஊர் உண்டு. அந்தப் பேருக்குக் காரணமா அங்கே சொல்றது, கலிங்கத்தை ஜெயிச்ச சோழத் தளபதி கருணாகரத் தொண்டைமானை!