எண்ணெய்ப் பீப்பாய் வரைக்கும் போன ஒரு கேள்வி

பல்கலைக்கழகத் துறைகள் தங்கள் பேராசிரியர்களைக் கொண்டாடும் விதம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மேடை, மாலை, பொன்னாடை, கையில் ஒரு நினைவுச்சின்னம். பட்டங்களை ஒருவர் வாசிப்பார், வெளிநாட்டு இதழ்களில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையை இன்னொருவர் சொல்வார். கைதட்டல், தேநீர், குரூப் போட்டோ. இதில் ஒரு தப்பும் இல்லை. நல்ல ஆசிரியரை உயிரோடு இருக்கும்போதே பாராட்டுவது நல்ல பழக்கம்தான்.

ஆனால் மலையகத்திலிருந்து கலைப்பீடத்துக்கு வந்து வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்தப் பட்டியல்களைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். இவர்கள் எழுதிய அத்தனை கட்டுரைகளிலும் நம்ம ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. அதைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைத் தோட்டங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து டிஸ்பென்சரியால் முடியாத நோயாளியை கடைசியில் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். அந்த பீடத்தின் மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பழகியதும் அங்கேதான். அப்படியானால் நம்ம உடம்புகள் அந்தப் பீடத்தின் வரலாற்றுக்குள் எங்கேயாவது பதிவாகியிருக்க வேண்டும் இல்லையா?

பதிவாகித்தான் இருக்கிறது. 1981இல் லண்டனில் வெளியாகும் லான்செட் மருத்துவ இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேராதனை மருத்துவத் துறையைச் சேர்ந்த நரம்பியல் அறிஞர் நிமல் சேனாநாயக்க. மற்றவர் சமுதாய மருத்துவ அறிஞர் ஜே. ஜெயரட்ணம். நல்லெண்ணெயில் கலந்த ஒரு நஞ்சு பருவ வயதுப் பெண்பிள்ளைகளின் நரம்புகளைத் தாக்கியதைப் பற்றிய கட்டுரை அது. அந்தப் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள்.

மலையக வரலாறு பற்றி நாங்கள் வாசித்த எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் இந்தச் சம்பவம் எங்கள் கண்ணில் படவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

அது 1977, 78. தோட்டங்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948இல் பறிபோன குடியுரிமை பெரும்பாலானோருக்கு இன்னும் திரும்பவில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறியிருந்தன. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவே நடந்திருந்தது. 1977 ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் லயத்துக் காம்பிராக்களில் பிள்ளைகள் வயசுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். எவ்வளவு கஷ்டத்திலும் நம்ம வீடுகளில் சடங்கை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

வயசுக்கு வந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பார்கள் என்பது இதை வாசிக்கிற அக்கா தங்கைகளுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உளுத்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய். இடுப்பு எலும்பு பலப்படணும் என்று அம்மாயியோ அப்பாயியோ பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைப்பார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டார்கள். சாதாரண நாளில் அந்த வீட்டில் நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றுவார்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும், அந்த நாட்களில் மட்டும், கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அது பாசம்.

அந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கால் விழுந்தது. பாதத்தைத் தூக்க முடியாமல் நடை தடுமாறியது. கையும் பலம் இழந்தது. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்கள் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவு சொல்கிறது.

இப்போது அந்த ஆஸ்பத்திரி வார்டில் நிற்கும் ஒரு நரம்பியல் டாக்டரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். திடீரென்று கை கால் விழும் நோய்கள் பல இருக்கின்றன. கிருமித் தொற்றுக்குப் பிறகு வருவது உண்டு, சத்துக் குறைவால் வருவதும் உண்டு. தோட்டத்துப் பிள்ளை என்றால் சத்துக் குறைவு என்று எழுதிவிட்டுப் போவது மிகச் சுலபம். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தொற்று நோய் என்றால் அது அண்ணன் தம்பியையும் பிடித்திருக்க வேண்டும். சத்துக் குறைவு என்றால் அந்த லயம் முழுக்கத்தான் இருந்தது. ஏன் பெண்பிள்ளைகள் மட்டும்? ஏன் இந்த வயதில் மட்டும்? ஏன் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும்? இந்த மூன்று ‘மட்டும்’களையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் கேள்வி வார்டை விட்டு வெளியே வந்து வீட்டு அடுப்படிக்குப் போகிறது. இந்தப் பிள்ளைகள் சாப்பிட்டு மற்றவர்கள் சாப்பிடாதது எது?

பதில் நல்லெண்ணெய். ஆனால் நம்ம பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகக் குடித்த எண்ணெய் திடீரென்று ஏன் நஞ்சானது? எண்ணெயைச் சோதித்தபோது அதில் ட்ரை-கிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் இருந்தது. இயந்திரங்களுக்குப் போடும் மசகு எண்ணெய்களில் சேர்க்கப்படும் பொருள் அது. சமையலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முன்னர் கனிம எண்ணெய் வைத்திருந்த பீப்பாய்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தபோது அது கலந்திருக்கலாம் என்பது அவர்கள் வந்த முடிவு.

இந்த நஞ்சின் குணம் அதைக் கண்டுபிடிப்பதை இன்னும் கஷ்டமாக்கும். குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம், சில நேரம் அதற்கு மேலும் கழித்துத்தான் கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கும், பிறகு பாதம் விழும். உடம்பிலேயே நீளமான நரம்புகளைத்தான் அது முதலில் தாக்கும், அவை நுனியிலிருந்து பட்டுப்போய்க்கொண்டு வரும். அதனால்தான் காலில் தொடங்கிக் கைக்கு வருகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் குடித்த எண்ணெயையும் இன்றைக்கு நடக்க முடியாத காலையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? சடங்கு முடிந்து தண்ணீர் ஊற்றி, பந்தலையும் பிரித்திருப்பார்கள். கண் பட்டுவிட்டது, தீட்டு, செய்வினை என்று வீட்டில் ஆயிரம் காரணம் கிடைக்கும்.

சேனாநாயக்க அதோடு விட்டுவிடவில்லை. அந்த நோயாளிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, நரம்புகளின் மின்னோட்டத்தைச் சோதித்து, இன்னொரு கட்டுரையும் 1981இலேயே எழுதினார். எங்களுக்கு முதல் கட்டுரையை விட இது பெரிதாகத் தெரிகிறது. காரணத்தைக் கண்டுபிடித்தவுடன் ஒரு ஆராய்ச்சியாளனின் வேலை முடிந்துவிடும். மூன்று வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளை எப்படி நடக்கிறாள் என்று பார்ப்பது வைத்தியனின் வேலை.

இந்த இரசாயனத்தால் கால் விழுந்தவர்களில் நம்ம பிள்ளைகள் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. 1930இல் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். ஏழைகள் போதைக்காகக் குடித்த இஞ்சிச் சாரத்தில் இதே வகை நஞ்சைக் கலந்துவிட்டார்கள். பல்லாயிரம் பேர் முடமானார்கள். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரத்தில் அமெரிக்க விமானத் தளத்தில் மிஞ்சிப்போன இயந்திர எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றார்கள். ஏறக்குறைய 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் மறுபடியும் சமையல் எண்ணெய், மறுபடியும் அதே நஞ்சு. எல்லா இடத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் மலிவான எண்ணெயையோ மலிவான குடியையோ வாங்கியவர்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் கால் விழுந்த ஏழைகளைப் பற்றிக் கறுப்பின புளூஸ் பாடகர்கள் பாட்டுக் கட்டி இசைத்தட்டில் பதிந்து வைத்தார்கள். அந்தப் பாட்டுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. கங்காணி முதல் கொழுந்துக்கூடை வரை எல்லாவற்றுக்கும் பாட்டு வைத்திருக்கும் நம்ம மலையகத்தில், கால் விழுந்த இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பாட்டுக்கூட எங்கள் காதுக்கு எட்டவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரண்டு மருத்துவக் கட்டுரைகள்தான் அவர்களுடைய நினைவுச்சின்னம்.

இந்தக் கட்டுரைகளுக்கு நாம் நன்றி சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. தோட்டத்துச் சனங்களுக்கு என்ன வந்தாலும் அவர்களுடைய பழக்கவழக்கத்தைக் குற்றம் சொல்வது அன்றிலிருந்து இன்றுவரை நடக்கிறது. சுத்தம் இல்லை, குடி, மூடநம்பிக்கை, படிப்பில்லை. பேராதனையில் அந்தக் கேள்வி நல்லெண்ணெயோடு நின்றிருந்தால் ‘சடங்கில் எண்ணெய் குடிக்காதீர்கள்’ என்று ஒரு துண்டுப்பிரசுரம் அடித்துவிட்டுக் கதையை முடித்திருக்கலாம். குற்றம் பாட்டியின் தலையில் விழுந்திருக்கும். அவர்கள் எண்ணெயையும் தாண்டி அது வந்த பீப்பாய் வரைக்கும் போனார்கள். பிழை பாட்டியின் கையில் இல்லை, எண்ணெய் வந்த வழியில் இருந்தது என்பது அதனால்தான் எழுத்தில் பதிவானது.

அந்த இரண்டு ஆசிரியர்களும் அதற்குப் பிறகு போன பாதையும் இதோடு ஒட்டியதுதான். ஜெயரட்ணம் நண்பர்களோடு சேர்ந்து இலங்கையில் பூச்சிமருந்து நஞ்சேறுதலைக் கணக்கெடுத்தார். ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்படுகிறார்கள், சுமார் 1,000 பேர் இறக்கிறார்கள் என்று 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். பிற்காலத்தில் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர் 1990இல் உலகம் முழுவதற்குமான மதிப்பீட்டை எழுதினார். நம்ம மாதிரி நாடுகளின் வயல்களிலும் தோட்டங்களிலும் நடப்பதை உலகம் எண்ணிக்கையாகப் பார்க்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சேனாநாயக்க 1987இல் மயக்கமருந்துத் துறையைச் சேர்ந்த லக்ஷ்மன் கரல்லியத்தவோடு சேர்ந்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். பூச்சிமருந்து உடம்புக்குள் போனவர்கள் முதல் கட்ட ஆபத்திலிருந்து தப்பிவிட்டதாகத் தோன்றும்போது, 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் சிலருக்குக் கழுத்தும் தோளும் பலமிழந்து மூச்சே நின்றுபோகும். இப்படிப்பட்ட 10 நோயாளிகளைக் கவனித்து அந்த நிலைக்கு ‘இடைநிலை நோய்த்தொகுதி’ என்ற பெயரை வைத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நோயாளி கண் திறந்துவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பாதே, இன்னும் சில நாள் மூச்சைப் பார்த்துக்கொண்டே இரு என்பதுதான் அதன் சாரம். மரக்கறித் தோட்டத்தில் முதுகில் டாங்கியைச் சுமந்து மருந்தடிக்கிற நுவரெலியாக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும்.

சரி, இவர்களைப் பாராட்டியாகிவிட்டது. ஆனால் பாராட்டுப் பட்டியலில் இன்னும் சிலரைச் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

‘வயசுக்கு வந்தப்ப பிள்ளைக்கு என்ன கொடுத்தீங்க?’ என்ற கேள்விக்கு யாரோ ஒரு அம்மா பதில் சொல்லியிருக்க வேண்டும். தான் ஆசையாக ஊற்றிக் கொடுத்த எண்ணெய்தான் பிள்ளையின் காலை எடுத்தது என்று தெரியவந்தபோது அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? டாக்டர் கேட்ட கேள்வியைத் தமிழில் மாற்றிச் சொல்லவும் யாராவது தேவைப்பட்டிருக்கலாம். அது ஒரு நேர்ஸாக இருக்கலாம், அட்டெண்டனாக இருக்கலாம், பக்கத்துக் கட்டில் அக்காவாக இருக்கலாம். மருத்துவக் கட்டுரைகளில் இவர்களுக்கு இடம் கிடையாது. பேராசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்டவர்களின் திறமையும் சொன்னவர்களின் நேர்மையும் சேர்ந்துதான் பீப்பாய் வரைக்கும் போனது என்பதற்காகச் சொல்கிறோம்.

இதில் நம்ம தலைமுறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. தோட்டப் பிள்ளைகளில் மருத்துவ பீடத்துக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் குறைவு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிற தமிழ்ப் பாடசாலைகள் நம்ம பக்கம் கொஞ்சம்தான், ஆசிரியர்கள் அதைவிடக் கொஞ்சம். தடைகளைத் தாண்டி உள்ளே போகிற தம்பி தங்கைகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். வார்டில் நம்ம மொழியில் முனகுகிற ஒருவர் இருந்தால் அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் உங்கள் கேள்வி போகட்டும். உங்களுக்கு அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

வரலாறு படிக்கிற எங்களுக்கும் வேலை உண்டு. குடியுரிமை, சம்பளம், தொழிற்சங்கம் என்று எழுதப்பட்ட மலையக வரலாற்றுக்குள் உடம்பின் வரலாறும் வர வேண்டும். அன்றைக்கு வயசுக்கு வந்த அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். சிலர் ஒப்பந்தக் கப்பலில் போய் நீலகிரியிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம், சிலர் அதே லயத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். உங்கள் தோட்டத்தில் 77, 78 வாக்கில் சடங்குக்குப் பிறகு கால் விழுந்துபோன ஒரு பெரியம்மாவைப் பற்றி வீட்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அப்பாயியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பேசத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் சம்மதித்தால் எழுதி வையுங்கள்.